வெங்காயம் போடாத பருப்பு

டாக்குரியா, கல்கத்தா
18.1.1972

என் பிரியமான அத்தானுக்கு,

கர்த்தருடைய தயவால் சளி ஒன்றைத் தவிர எனக்கு இங்கே குறைவில்லை. சென்னையில் வீடு பார்த்தாயிற்று, இருபத்தொன்பதாம் தேதி என்னை அழைத்துப்போக வருகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். இந்த மாற்றலுக்காக ஆறு வருஷம் ஜெபித்தவள் நான். கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். சந்தோஷத்தில் அல்ல அத்தான். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

பனி இன்னும் விட்டபாடில்லை. காலையில் ஏரிப் பக்கம் நடந்தால் மரமும் தெரிவதில்லை, தண்ணீரும் தெரிவதில்லை. ரயில் சத்தம் மட்டும் எங்கிருந்தோ வருகிறது. நடக்கிறேனா, இன்னும் தூங்குகிறேனா என்றே புரியாமல், சாகக் கிடக்கும் ஆதரவற்றவர்களுக்காகச் சபைப் பெண்கள் நடத்தும் அந்த ஆறு கட்டில் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறேன்.

அங்கே மூன்றாம் கட்டிலில் ஓர் அம்மாள், கிழக்கு வங்காளத்திலிருந்து அகதியாக வந்தவர். பெயர் சொல்லமாட்டார். பெரியம்மா, சித்தியைக் கூப்பிடுகிற மாதிரி, மாஷிமா என்று கூப்பிடுகிறோம். போன வாரம் இரண்டு நாள் வாயே திறக்கவில்லை. நானோ சின்ன வெங்காயம் தட்டிப்போட்டு, மைசூர்ப் பருப்பைக் குழைய வேகவைத்து, ஜெபம் பண்ணி, ஊட்டப் போனேன். பல்லைக் கடித்துக்கொண்டார். சாகக் கிடக்கும்போதும் இத்தனை வீம்பா என்று தமிழில் திட்டியும் விட்டேன். இனி நாள் எண்ண வேண்டியதுதான் என்றார் டாக்டர்.

பக்கத்து வீட்டு வங்காளி அண்ணி, கல்யாணி பௌதியிடம் புலம்பினேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். மாஷிமா விதவையாயிற்றே, வெங்காயமும் மைசூர்ப் பருப்பும் அவர்களுக்கு மீன், மாமிசத்தோடு சேர்ந்தவை, உயிர் போனாலும் தொடமாட்டார்கள் என்றார்.

ஜெபம் பண்ணத் தெரிந்த எனக்கு, என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்கத் தெரியவில்லையே! வெட்கமாகப் போய்விட்டது, அத்தான். மறுநாள் புதுச் சட்டி வாங்கி, தலைக்குக் குளித்து, பச்சரிசியும் பாசிப்பருப்பும் நெய் விட்டுப் பொங்கினேன். கிறிஸ்தவள் சமைத்தது, சம்மதமா என்று கேட்டேன். வெகுநேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார். அன்றிலிருந்து வேறு யார் ஊட்டினாலும் வாங்குவதில்லை.

அங்கே நீங்கள் ஹோட்டல் சாப்பாட்டில் வயிற்றைக் கெடுத்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரியாதா? கட்டினவனைப் பட்டினி போட்டுவிட்டு ஊராருக்கு ஊட்டுகிறாளாம் என்று உங்கள் அம்மா சொல்வார்கள். சொல்லட்டும், நியாயம்தான்.

இன்று காலை மாஷிமா கண்ணை மூடியபடியே, ஆற்றில் படகு வந்துவிட்டது, நீயும் ஏறிக்கொள், இடமிருக்கிறது என்றார். நான் வர முடியாது, மாதக் கடைசியில் என் வீட்டுக்காரர் அழைத்துப்போக வருகிறார் என்றேன். பிறகு, நான் போனபிறகு வரச் சொல்லேன், கேட்பாரா என்றார்.

கேட்பார், தங்கமான மனுஷர் என்று சொல்லிவிட்டேன். உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமலே சொல்லிவிட்டேன்.

பத்து நாளோ, ஒரு மாதமோ, எனக்குத் தெரியாது. கர்த்தர் உங்களை அங்கே பத்திரமாக வைத்திருப்பாராக. அதுவரை வராதிருங்கள், அத்தான். உங்களுக்கு இப்படி எழுதுவேன் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

உங்கள்
பூங்கோதை