மூன்றாவது ஜோடி டயர்

மதுரை
16 ஜூன் 2024

அன்புள்ள வசுமதிக்கு,

நான் நலம். உன் நலமும் அம்மா நலமும் அறிய ஆவல். போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, அவசியம் இருந்தால் எழுது என்று சொல்லியிருந்தாய். இப்போது அவசியம் வந்திருக்கிறது.

எங்கள் கம்பெனியில் சைக்கிள் டயர் ஒன்று செய்திருக்கிறோம். பின்னால் பைகளை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்களுக்கான டயர். வடிவமைத்தது நான். சோதனை அறையில் இரும்பு உருளைமேல் வைத்து நாள் கணக்கில் ஓட்டிப் பார்த்தாகிவிட்டது. ஒரு குறையும் இல்லை. ஆனால் உருளையில் பள்ளமும் மழையும் கிடையாதே. டாலிகஞ்சிலிருந்து அலிப்பூர் ஆபீசுக்குத் தினமும் சைக்கிள், லீவு விட்டால் எங்காவது தொலைதூரம் என்று சுற்றுகிறவள் எனக்குத் தெரிந்து நீ ஒருத்திதான். ஒரு ஜோடியைப் பார்சலில் அனுப்பிவிட்டேன். ஓட்டிப் பார்த்து எழுதுவாயா?

இப்படிக்கு,
ஜெய்ராம்


கொல்கத்தா
30 ஜூன் 2024

ஜெய்ராமுக்கு,

பார்சல் வந்தது. அனுப்பிவிட்டுக் கேட்கிறாய். மதுரை வேலைக்கும் இப்படித்தான், அவர்களிடம் சரி என்று சொல்லிவிட்டு வந்து என்னிடம் "போகலாமா?" என்றாய். என் அம்மாவையும் வேலையையும் விட்டுவிட்டு வர முடியாது என்றேன். நீ மட்டும் கிளம்பினாய். இரண்டு வருஷமாகிறது. இனி அதைப் பற்றி எழுதப்போவதில்லை, டயரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நல்லதாக மட்டும்தான் எழுத வேண்டும் என்றால் வேறு ஆளைப் பார்.

மாட்டி ஓட்டுகிறேன். பெடலை அழுத்தினால் முன்பைவிட லேசாகப் போகிறது. மழை நன்றாகப் பிடித்துவிட்டது. ஓட்டம் நின்றுபோன டிராம் தண்டவாளங்கள் ஈரத்தில் சோப்பு மாதிரி வழுக்கும். குறுக்கே கடந்தபோது முன்சக்கரம் அசையவில்லை, பின்சக்கரம் ஒருமுறை விலகித் திரும்பப் பிடித்துக்கொண்டது. பாரம் வேண்டுமே என்று இரண்டு பைகளிலும் அரிசி மூட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். "ஏண்டி, ரேஷன் வாங்கிண்டு யாராவது ஊர் சுத்துவாளா?" என்று அம்மா வாசலில் நின்று சிரித்தாள். எதிர்வீட்டு பெங்காலி பௌதி வேறு, அரிசி விற்கிறேனா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

வசுமதி


மதுரை
14 ஜூலை 2024

அன்புள்ள வசுமதிக்கு,

உன் கடிதத்தைச் சோதனை அறையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். டிராம் தண்டவாளம் பற்றி எழுதியிருந்தாயே, அந்த மாதிரி ஒரு விவரத்தை எந்த மெஷினும் சொல்லாது. காற்று எவ்வளவு வைத்திருந்தாய்? பின்சக்கரத்தில் பாரம் எத்தனை கிலோ? தேய்மானம் நடுவிலா ஓரத்திலா? ஆயுத பூஜைக்கு முன்னால் வியாபாரிகளைக் கூட்டி டயரை வெளியிடுவது என்று முதலாளி ராம்கி சார் முடிவு செய்திருக்கிறார். கொஞ்சம் நீண்ட பயணம் ஒன்று போய்வந்தாயானால் பெரிய உதவி. அதற்குக் காற்றும் பாரமும் எவ்வளவு என்று தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.

அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

ஜெய்ராம்


கொல்கத்தா
20 ஆகஸ்ட் 2024

ஜெய்ராமுக்கு,

நீ கேட்ட நீண்ட பயணம் போனேன். சாந்திநிகேதன் போவதாகத் திட்டம். போய்ச் சேரவில்லை.

பர்த்தமான் தாண்டி ஒரு மேம்பாலத்து இறக்கம். நல்ல வெயில், நல்ல வேகம். பின்டயர் ரிம்மை ஒட்டிய இடத்தில் கிழிந்து வெடித்தது. சைக்கிள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பின்னால் வந்த லாரி எப்படி நின்றது என்று இன்னமும் தெரியவில்லை. அதன் சக்கரம் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்தது. டீக்கடைப் பெண் ஒருத்தி ஓடிவந்து, "நோட்பேன் நா திதி, நோட்பேன் நா" என்று அசையவிடாமல் தோளைப் பிடித்துக்கொண்டாள். இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. கட்டுப் போட்டிருக்கிறார்கள்.

காற்று நீ சொன்ன அளவுதான். பாரமும் நீ சொன்ன அளவுதான். பள்ளம் எதிலும் இறங்கவில்லை. கிழிந்த டயரை அனுப்பியிருக்கிறேன், நீ கேட்கப்போவது அதைத்தான் என்று தெரியும். உள்பக்கம் ரிம் உரசி உரசி நூலெல்லாம் அறுந்திருக்கிறது. இதை விற்காதே.

போன் செய்ய வேண்டாம்.

வசுமதி


மதுரை
2 செப்டம்பர் 2024

வசு,

கை எப்படி இருக்கிறது? விரல்கள் வீங்கியிருக்கின்றனவா? ராத்திரி வலிக்கிறதா? ஒற்றைக் கையோடு தலை எப்படி வாரிக்கொள்கிறாய்? முழங்கால் வலியோடு அம்மாவால் நின்று வாரிவிட முடியாதே. போனை எடுத்து எடுத்து வைத்துவிட்டேன்.

பார்சலை மூன்று நாள் பிரிக்கவில்லை. அந்த லாரிச் சக்கரம்தான் கண்முன்னால் நின்றது. பிறகு பிரித்தேன். நீ எழுதியது சரி. எங்கள் அறை குளுகுளுவென்று இருக்கும், உருளை வழவழவென்று இருக்கும். வெயிலில் சூடேறி, பாரத்தில் டயரின் பக்கம் நெளிந்து ரிம்மோடு உரசும் என்பதை நாங்கள் சோதிக்கவே இல்லை.

ராம்கி சாரிடம் போய் நிறுத்தச் சொன்னேன்.

"ஒரு டயர் கிழிஞ்சதுக்கா சார் மொத்தத்தையும் நிறுத்துவாங்க? அந்தம்மா கல்லு மேல ஏத்தியிருப்பாங்க."

"அந்தம்மா என் சம்சாரம் சார். அவ கல்லுன்னா கல்லுன்னு எழுதுவா."

நான் கையெழுத்துப் போடாமல் டயர் வெளியே போகாது. போடமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வேலை இருக்குமா என்று தெரியவில்லை.

ஜெய்


மதுரை
17 நவம்பர் 2024

அன்புள்ள வசு,

பதில் இல்லை. பரவாயில்லை, நானே எழுதுகிறேன்.

வேலை இருக்கிறது. ராம்கி சார் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு கிழிந்த டயரைத் தன் மேஜைக்குக் கொண்டுவரச் சொல்லி வெகுநேரம் பார்த்தார். "என் மக ஓட்டியிருந்தா?" என்று மட்டும் கேட்டார். வெளியீட்டைத் தள்ளிவைத்துவிட்டார்.

ரிம்மைத் தொடுகிற இடத்தில் கெட்டித் துணிப் பட்டை ஒன்று சேர்த்து இரண்டாவது ஜோடி செய்தோம். அதை இன்னொருவரிடம் கொடுக்க மனம் வரவில்லை. ஒரு சைக்கிள் வாங்கினேன். சிரிக்காதே. அரிசி மூட்டையோடு அழகர்கோயில் ரோட்டில் வாரக் கணக்கில் ஓட்டினேன். முதல் நாள் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு புளியமரத்தடியில் படுத்துவிட்டேன். ஆடு மேய்க்கிற கிழவர் தண்ணீர் கொடுத்தார். இப்போது நத்தம் வரை போய்த் திரும்புகிறேன். விடிகிற நேரத்தில் ரோட்டில் யாருமில்லாமல் டயர் சத்தம் மட்டும் கேட்கும்போது நன்றாக இருக்கிறது வசு. ஹவுராவில் நான் வேலை பார்த்த நாளெல்லாம் சைக்கிளில் போகலாம் என்று நீ கூப்பிட்டுக்கொண்டே இருந்தாய், நான் ஒருநாளும் வரவில்லை.

பட்டை தாங்குகிறது. அதையும் கொஞ்சம் திருத்தி மூன்றாவது ஜோடி தயார். மேற்கு வங்காளத்து ரோட்டில் ஓடாமல் கையெழுத்துப் போடமாட்டேன். ஆனால் அனுப்பவில்லை. நீ வேண்டாம் என்றால் வேண்டாம். அனுப்பட்டுமா?

உன்
ஜெய்


கொல்கத்தா
8 டிசம்பர் 2024

அன்புள்ள ஜெய்,

கட்டுப் பிரித்து வெகுநாளாகிறது. மணிக்கட்டு இன்னும் முழுதாக மடங்கவில்லை, பிரேக் பிடிக்கக் கொஞ்சம் வலிக்கிறது. மெதுவாக ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பதில் எழுதாததற்குக் கை காரணமில்லை. செப்டம்பர் கடிதத்தைப் பலமுறை படித்தேன். என்ன எழுதுவது என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

டயரை அனுப்ப வேண்டாம். நீயே கொண்டு வா. உன் சைக்கிளையும் ரயிலில் ஏற்றிக்கொண்டு வா. எனக்கு ஒரு ஜோடி, உனக்கு ஒரு ஜோடி. ஹவுராவில் வந்து நிற்கிறேன், படகில் இக்கரைக்கு வந்துவிடலாம். சாந்திநிகேதன் பாதி வழியில் நிற்கிறது. டீக்கடைக்காரிக்கும் நன்றி சொல்ல வேண்டும். இறக்கத்தில் நீ என் முன்னால் போகக் கூடாது, வழியில் எண்களாகப் பேசக் கூடாது. எங்கே, எப்படி இருப்பது என்பதை எல்லாம் போகும்போது பேசலாம். எனக்கும் சொல்ல இருக்கிறது.

நீ வரக்கூடும் என்று அம்மாவிடம் சொன்னேன். முகத்தில் ஒன்றும் காட்டாமல், "அப்போ மாப்பிள்ளைக்குப் பிடிச்ச சுண்டைக்காய் வத்தல் வாங்கணுமேடி. லேக் மார்க்கெட்லதான் நன்னாருக்கும்" என்றாள்.

நேற்றே போய் வாங்கி வந்துவிட்டேன்.

வசு