உன் மடியில் என் பை

உன் காரியம் முடிந்த மறுநாள், உன் மகள் அந்தப் பையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். கறுப்பு ரெக்சின் பை. ஜிப் துருப்பிடித்துக் கிடக்கிறது. மூக்கருகே கொண்டுபோனால் நம் கம்பெனிப் பசையின் நெடி இன்னும் லேசாக வருகிறது. எனக்கு மட்டும்தான் வருகிறதோ என்னவோ. இத்தனை வருஷமாக இதைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தாயே என்று முதலில் உன்மேல் கோபம்தான் வந்தது.

குன்றத்தூர் மலையடிவாரத்தில் பழைய பைகளைச் சாக்கில் பரப்பி விற்றவரிடம் நான் வாங்கியது. முன்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு புலி முகம், ஏதோ வெளிநாட்டுக் கம்பெனியின் முத்திரை. அந்தப் புலிக்காகத்தான் வாங்கினேன். "பை தூக்கறவ பூனை, பை மேல மட்டும் புலியா?" என்று நீ கிண்டல் செய்தாய்.

அடுத்த மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்தது. தொண்ணூற்றொன்றாம் வருஷத்து மே மாதம். பெரிய தலைவர் செத்துப்போனார், ஊரெல்லாம் போலீஸ். பென்னலூரிலிருந்து கம்பெனிக்குப் போவதற்குள் இரண்டு இடத்தில் பஸ்ஸை நிறுத்திச் சோதித்தார்கள். புலி என்ற சொல்லையே வாய்விட்டுச் சொல்ல எல்லோரும் பயந்தபோது என் பையில் அது இளித்துக்கொண்டிருந்தது. வேறு பையும் என்னிடம் இல்லை.

"இதுக்கா இப்டி நடுங்குற? குடு, மூடிடலாம்" என்று சாப்பாட்டு நேரத்தில் நீ உட்கார்ந்தாய். நாம் ஷூவின் மேல்பாகம் தைக்கிறவர்கள். கணுக்கால் படுகிற இடத்தில் ஸ்பாஞ்ச் வைத்து மேலே தோல் போட்டுத் தைப்பதுதான் நாள் முழுக்க நம் வேலை. அந்தக் கைப்பழக்கத்தில் புலியின் மேலும் ஸ்பாஞ்ச் வைத்துத் தைத்துவிட்டாய்.

"வெறுந்தோல் வச்சா தொங்கும்டி. இப்ப பாரு, எப்டி கும்முனு கீது!"

எனக்கும் அழகாகத்தான் பட்டது. மறைத்த இடம் இப்படி உப்பி நின்றால் பார்க்கிறவன் என்ன நினைப்பான் என்று நம் இருவருக்குமே தோன்றவில்லை.

மறுநாள் காலை பஸ்ஸில் உனக்கு உட்கார இடம் கிடைத்தது, எனக்கு இல்லை. நிற்கிறவர்கள் பையை உட்கார்ந்திருப்பவர்கள் மடியில் வாங்கிக்கொள்வது வழக்கம்தானே. நீ கை நீட்டினாய், கொடுத்தேன். சோதனைக்கு ஏறிய போலீஸ்காரர் ஒவ்வொரு பையாக அழுத்திப் பார்த்துக்கொண்டே வந்தார். உன் மடியில் இருந்ததை அழுத்தியதும் அவர் கை நின்றது. தையலைப் பிய்த்தார். ஸ்பாஞ்ச் வந்தது, அதன் பின்னால் புலி வந்தது.

"யாரு பை இது?"

நீ நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். 'என் பை' என்ற இரண்டு சொல் வாய்வரை வந்து நின்றது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"என்னுதுதான் சார். பழைய பை சார், அது சும்மா கம்பெனி மார்க்கு" என்றாய்.

உன்னைப் பையோடு இறக்கி அழைத்துப் போனார்கள். நான் வேலைக்குப் போனேன். சாயங்காலம் உன்னை விட்டுவிட்டார்கள். ஆனால் சூப்பர்வைசர், "ஸ்டேஷனுக்குப் போன பொண்ணு நம்ம லைன்ல வேணாம்" என்று சொல்லிவிட்டார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. முதல்முறை பயம் என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவது முறைக்கு என்ன பெயர் வைப்பது?

நீ வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கத் தொடங்கினாய். ஒருநாள் அழுதுகொண்டு வந்து நின்றேன். "வுட்றீ. நீ சொல்லியிருந்தா ரெண்டு பேரயும் இட்டுனு போயிருப்பான்" என்று டீ போட்டுக் கொடுத்தாய். நீ திட்டியிருக்கலாம். திட்டாததை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டு நான் சௌகரியமாக இருந்துவிட்டேன்.

உன் மகளுக்கு எதுவும் தெரியாது. பையை நீட்டியபடி சொன்னாள்:

"அம்மா இத்த யாரயும் தொட வுடாது பெரிம்மா. இது என்னுது இல்ல, என்கூட வேல செஞ்சவளுது, என்னிக்காச்சும் வந்து கேப்பான்னு சொல்லிகினே இருக்கும். உங்க பையா பெரிம்மா?"

அவள் முகத்தை நேராகப் பார்த்தேன்.

"ஆமாம்மா. என் பைதான்" என்றேன்.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. பிய்ந்த தோலை ஒதுக்கிவிட்டு, புலி எல்லோருக்கும் தெரியும்படி பையை மடியில் வைத்துக்கொண்டேன். யாருடைய பை என்று யாராவது கேட்பார்களா என்று இறங்கும்வரை பார்த்தேன். ஒருவரும் கேட்கவில்லை.