வீடு யார் பேரில்

1996 நவம்பர், வியாழன் இரவு. அல் ஐன், வளைகுடா.

மத்தியானம் டியூட்டி முடிந்து நர்சுகள் மூவரும் ரூமில் டீ குடித்தோம். கென்யாக்காரி கிரேஸ் அழுதாள். கணவன் இறந்ததும், அவள் சம்பளத்தில் கட்டிய வீட்டைக் கொழுந்தன்மார் எடுத்துக்கொண்டார்களாம். "எங்க ஊர் வழக்கம் அப்படி" என்றாள்.

லொரெட்டா அமெரிக்காக்காரி. அரிசோனாவில் ஹோப்பி என்ற பழங்குடியைச் சேர்ந்தவள். "எங்க பக்கம் வேலை கிடையாது. சில வீடுகளுக்கு இன்னும் கரண்ட்கூட வரல. ஆனா வீடு அம்மாகிட்டேருந்து மகளுக்குத்தான் போகும். என்னை யாரும் வெளிய போன்னு சொல்ல முடியாது" என்றாள்.

கிரேஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்போ வழக்கம்னா ஒண்ணே ஒண்ணு இல்ல. லீவுல போய்க் கேஸ் போடுறேன். எனக்கும் பொண்ணு இருக்கா."

தஞ்சாவூரில் என் சம்பளத்தில் எழும்பும் மாடி வீட்டைத் தம்பி பேரில் எழுதுவதாகத்தான் பேச்சு. சாயங்காலம் டெலிபோன் பூத்துக்குப் போய் அப்பாவிடம் பேசினேன்.

"வீட்டுல என் பேரையும் சேர்த்து எழுதுங்கப்பா."

  

"உனக்குக் கீழ் வீடா, மாடியாம்மா?" என்று கேட்டார் அப்பா.

மாடி என்றேன். தம்பி என்ன சொல்வானோ. எனக்குத் தூக்கம் வருகிறது.