வெட்டும் இடத்தில் வண்ணம் இல்லை

இன்று காலை ஓசூரிலிருந்து ஒரு வியாபாரி நம் பாலக்கோட்டுப் பட்டறைக்கு வந்தார். மாதிரிக்கென்று ஒரு கத்தியை என் மேசைமேல் வைத்தார். நுனி முதல் பிடி வரை ஒரே சிவப்பு. திருப்பிப் பார்த்தால் முகம் தெரிந்தது. இதேபோல நீலத்திலும் பச்சையிலும் நிறைய வேண்டும், உறைக்கும் அதே நிறம் வேண்டும் என்றார்.

"பிடிக்கும் உறைக்கும் எந்தக் கலர் கேட்டாலும் போட்டுத் தரேங்க. அலகுல மட்டும் போடமாட்டேன்" என்றேன்.

"அழகுக்குத்தானேம்மா வாங்கறாங்க? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சு முடிச்சு ரொம்ப நாளாச்சுங்க."

கத்தியைத் துணியில் சுற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் போன பிறகுதான் எவ்வளவு பெரிய வேலையை வேண்டாமென்றேன் என்பது உறைத்தது. வருத்தமில்லை. உன்னிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான்.

பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். நீ பரிசல்காரருக்கு வாழ்க்கைப்பட்டு ஒகேனக்கல் போனாய். அங்கே மீன் வெட்டும் பெண்களோடு உட்கார்ந்தாய். நான் ஜன்னல் கம்பிகளுக்கும் கேட்டுகளுக்கும் வண்ணப் பொடி அடித்துச் சூளையில் சுட்டெடுக்கும் பவுடர் கோட்டிங் போடும் இந்தப் பட்டறையை ஆரம்பித்தேன். திருவிழா, கல்யாணம் என்றால்தான் பார்த்துக்கொள்வோம். அப்படியிருக்க, ஒரு நாள் வலது கையில் தழும்போடு நீ வாசலில் வந்து நின்றாய்.

பெரிய கட்லா ஒன்றை வெட்டும்போது, மீனின் கொழகொழப்பில் மரப்பிடி வழுக்கி, கை அலகின்மேல் இறங்கியிருந்தது. தையல் ஆறினாலும் கடைசி இரண்டு விரல்களும் மடங்கவில்லை. இனி வீட்டோடு இரு என்று எல்லோரும் சொல்லிவிட்டார்களாம். நீ பையிலிருந்து அந்தக் கத்தியை எடுத்து என் முன்னால் வைத்தாய்.

"வூட்டுல குந்திக்கினு என்னாடி பண்றது? மூணு விரலு இருக்குது. அதுக்கு வழுக்காத பிடி ஒண்ணு போட்டுக் குடு."

மரம் சூளையின் சூட்டைத் தாங்காது. அதனால் மரப்பிடியைக் கழற்றிவிட்டு இரும்புக் குழாயைப் பற்றவைத்தேன். உன் கையில் கொடுத்து, பிடித்துப் பார்க்கச் சொல்லி, தடிமனை இரண்டு முறை மாற்றினேன். அலகுப் பக்கம் கை இறங்காதபடி ஒரு சின்னத் தடுப்பு வைத்தோம். பிறகு மணல் போலச் சொரசொரப்பாக வரும் மஞ்சள் பவுடரை அடித்துச் சூளையில் வைத்தேன். பாறையிடுக்கில் விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியட்டும், அலகுக்கும் சேர்த்து அடி என்றாய். அடித்தேன். பேருந்தில் கொண்டுபோக, தகரத்தில் மஞ்சள் உறையும் செய்தேன். புதுப் புடவை வாங்கியவள் போல நீ கிளம்பிப் போனாய்.

அந்த வாரமே திரும்பி வந்தாய். செதில் தேய்த்த இடத்தில் மஞ்சள் சில்லுசில்லாகப் பெயர்ந்திருந்தது. அதில் ஒன்று வெட்டிய மீனுக்குள் கிடந்ததை நீதான் கண்டுபிடித்தாய். வாங்க வந்தவர் கவனிக்கவில்லை. இருந்தும் அந்த மீன் முழுவதையும் தூக்கிப் போட்டுவிட்டு அவருக்கு வேறு மீன் வெட்டிக் கொடுத்திருக்கிறாய். பக்கத்துக் கடைக்காரர் "பொம்மைக் கத்தி" என்று கேலி பேசினாராம்.

நான் சோர்ந்துபோய், இது சரிப்படாது, விட்டுவிடலாம் என்றேன். உனக்கு வந்ததே கோபம்!

"என்னாத்த வுடறது? வெட்டற எடத்துல ஒரு பொட்டு கலரு இருக்கக் கூடாது. அவ்ளோதான தப்பு? இன்னொருக்கா போடு."

சுரண்டி, அலகைச் சூடு தாங்கும் டேப்பால் மறைத்து, பிடிக்கு மட்டும் மறுபடி அடித்தோம். உறைக்குள் தண்ணீர் தேங்கித் துருவேறியதைப் பார்த்து, அடியில் ஓட்டை போடச் சொன்னதும் நீதான். மூன்று விரல்களோடு நீ மறுபடி மீன் வெட்ட உட்கார்ந்தபோது, முதலில் வேடிக்கை பார்த்த பெண்கள் பிறகு ஒவ்வொருவராக எனக்கு ஒரு பச்சை, எனக்கு ஒரு நீலம் என்று கேட்டார்கள். கத்தி மாறிப்போய் வரும் சண்டையும் அதோடு நின்றது. கேலி பேசிய கடைக்காரரும் ஒன்று வாங்கினார். ஆரஞ்சு நிறம். அவருக்குக் கொடுக்கும்போது நீ சிரிப்பை அடக்கியதில் உன் மூக்குத்தி ஆடியதை நான் பார்த்தேன்.

அதன் பிறகு உனக்கு மஞ்சள்காமாலை வந்தது. கல்லீரல் முழுவதும் கெட்டுவிட்டதென்று தருமபுரி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கடைசியாக நான் வந்தபோது வலியைப் பற்றி நீ பேசவேயில்லை. இடது கைக்காரி ஒருத்தி புதிதாகச் சேர்ந்திருக்கிறாள், இந்தத் தடுப்பு அவளுக்கு இடிக்கிறது, சரிபண்ணிக் கொடு என்றாய். தலையாட்டினேன். அந்தக் கத்தியை முடிப்பதற்குள் நீ போய்விட்டாய்.

சில மாதங்கள் ஒகேனக்கல் பேருந்தில் ஏறவே எனக்குக் கால் வரவில்லை. பிறகு ஒரு நாள் அந்த இடது கைக் கத்தியோடு போனேன். அவள் வெட்டிப் பார்த்து, "இப்ப இடிக்கலக்கா" என்றாள். அப்படியே எழுந்து வந்திருக்கலாம். உன் பக்கத்தில் எப்போதும் உட்காரும் அந்தப் பெரியம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். "பிடி போடறவ ஒரு மீனாச்சும் வெட்டிப் பாக்க வேணாமா? குந்து" என்றார்.

உட்கார்ந்தேன். அதுவரை நான் முழு மீனை வெட்டியதில்லை. வழுக்கியது, முள் குத்தியது, எல்லோரும் சிரித்தார்கள். பிடி எந்த இடத்தில் கையை உறுத்துகிறது என்பது பாதி மீனிலேயே தெரிந்துவிட்டது. வந்ததும் வளைவை மாற்றினேன். அதிலிருந்து புதிதாக ஒரு பிடி செய்தால் அதை எடுத்துக்கொண்டு முதலில் ஆற்றங்கரைக்குத்தான் போகிறேன். கையில் எண்ணெய் தடவி, வழுக்குகிறதா என்று நானே வெட்டிப் பார்த்த பிறகுதான் யாருக்கும் கொடுக்கிறேன்.

இப்போது என் உள்ளங்கையில், ஆள்காட்டி விரலுக்குக் கீழே, உனக்கு இருந்த அதே இடத்தில் காய்த்துப்போயிருக்கிறது. தொட்டால் கெட்டியாக இருக்கிறது.