சவுக்குக் கம்பு

1993 மே 9, ஞாயிறு இரவு

முழங்கால் பந்து மாதிரி வீங்கிக் கிடக்கிறது. அடித்தவன் என் சொந்த அண்ணன்.

இன்று உச்சிப்புளியில் சைக்கிள் பந்தயம். எடை குறைய மட்கார்டு, கேரியர், பிரேக் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் ஓட்டினோம். எதிர்க்காற்று முகத்தில் அறைந்தது. எப்போதும்போல் பாம்பன் அந்தோணியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தே போனேன். பாதி வழியில் காற்று திசை மாறி என்னைத் தள்ளியது. எழுந்து நின்று மிதித்து அவனைத் தாண்டினேன்.

கடைசி வளைவில் புதர் மறைவிலிருந்து ஒரு சவுக்குக் கம்பு முழங்காலில் இறங்கியது. சைக்கிளோடு உருண்டேன். தார்ரோடு கன்னத்தை உரித்தது. மறுபடி கம்பை ஓங்கிய பிறகுதான் அண்ணன் என் முகத்தைப் பார்த்தான். அந்தோணி எங்களைக் கடந்து போய்விட்டான்.

"ஏலே, நீயா? ஒனக்காகத்தான்டா நின்னேன். மொதல்ல வாரவன் அந்தோணின்னு நெனச்சு அடிச்சுப்புட்டேன்."

சட்டையைப் பிடித்து இழுத்து அவன் மூக்கில் குத்தினேன். ரத்தம் கொட்டியது. அவன் திருப்பி அடிக்கவில்லை.

"நீ எப்பவும் அவன் பின்னாடிதானடா வருவ" என்றான்.

இப்போது பக்கத்து அறையில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு படுத்திருக்கிறான். முழங்கால் ஆறிவிடும். நான் முதலில் வருவேன் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

இன்னொரு குத்து விட்டிருக்க வேண்டும்.