ஓசை குறைந்த பெட்டி

12 ஜூன் 1995, திங்கள்
காலையில் இரண்டு பிரிண்டர், ஒரு மானிட்டர் ரிப்பேர். மதியம் கிள்ளானிலிருந்து காது டாக்டர் ஒருவர் கடைக்கு போன் செய்தார். பெயர் குணபூசணி. பச்சைக் குழந்தைகளின் காதைச் சோதிக்க இங்கிலாந்திலிருந்து ஒரு கார்டு வாங்கி கம்ப்யூட்டரில் போட்டிருக்கிறாராம். கம்ப்யூட்டர் போடும் சத்தமே சோதனையைக் கெடுத்துவிடுகிறதாம். சத்தம் போடாத கம்ப்யூட்டர் செய்ய முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். எந்த தைரியத்தில் சொன்னேன்?

14 ஜூன், புதன்
கிள்ளான் போய் வந்தேன். சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய சின்ன அறை. டாக்டருக்கு அறுபது வயது இருக்கும், யாழ்ப்பாணத் தமிழில் மெதுவாகத்தான் பேசுகிறார். கதவைச் சாத்திவிட்டு கம்ப்யூட்டரைப் போட்டார். கடையில் இந்தச் சத்தம் என் காதில் விழுந்ததே இல்லை. அங்கே லோரி நின்று உறுமுவது போலிருந்தது.

சோதனையை விளக்கினார். காதுக்குள் மெல்லிய 'டிக்' ஒன்றை அனுப்பினால், உள்காது சிலிர்த்து, தானே ஒரு சத்தத்தைத் திருப்பி அனுப்புமாம். சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலி இல்லை இது, காதே உண்டாக்குவது. அதைக் கருவி பிடித்துவிடும். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாலே போதும்.

"நம்ம காது சத்தம் போடுதா, டாக்டர்?"

"ஓம். நல்ல காது மட்டும்."

ஃபெடரல் ஹைவே முழுக்க மோட்டார் சைக்கிளில் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். நாற்பத்தொரு வயதாகிறது. என் தலைக்குள் இருப்பது எனக்கே தெரியவில்லை.

என் மகள் லோகாவைப் பற்றி அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவள் விஷயம்தான் முடிந்துபோனதாயிற்றே.

18 ஜூன், ஞாயிறு
லோகேஸ்வரிக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது. ஒரு வார்த்தை பேசவில்லை. கூப்பிட்டால் திரும்புவதில்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கிளினிக்கில் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் கையைத் தூக்கு என்றார்கள். தூக்கவில்லை. காது கேட்காது என்று எழுதிக் கொடுத்தார்கள். காது மெஷின் வாங்கினோம். மாட்டினால் அலறிப் பிடுங்கி எறிகிறாள். அவள் அம்மா புஷ்பவல்லி தினமும் காலையில் அவளோடு போராடித்தான் மாட்டுகிறாள்.

இன்று சாப்பிடும்போது சொல்லிவிட்டேன், காஜாங் பக்கம் இப்படிப்பட்ட பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்று இருக்கிறது, அங்கே விட்டுவிடலாம், நம்மால் முடியாது என்று. புஷ்பா சாப்பாட்டில் கையை அப்படியே வைத்திருந்தாள்.

"கொஞ்சம் மெதுவா பேசுங்க."

"யாருக்குக் கேக்கப் போகுது?" என்றேன்.

லோகா பாட்டில் மூடிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

21 ஜூன், புதன்
பாசார் ரோட்டில் பழைய ஸ்டீரியோ ஒன்றின் வயிற்றிலிருந்து உள்ளங்கை அகல அலுமினியத் தகடு கிடைத்தது. உடல் முழுக்கச் சீப்புப் பல் மாதிரி. சிப்பின் மேல் இருந்த குட்டி விசிறியைக் கழற்றிவிட்டு இதை உட்காரவைத்தேன். அந்தக் குட்டிதான் அதிகம் கத்துவது. அதற்குப் பதில் பெட்டியின் பின்பக்கம் பெரிய விசிறி ஒன்று. அதற்குப் பன்னிரண்டு வோல்ட் கொடுக்க வேண்டும். பன்னிரண்டு வரும் மஞ்சள் ஒயருக்கும் ஐந்து வரும் சிவப்பு ஒயருக்கும் நடுவில் மாட்டினால் ஏழுதான் போகும். வயிறு நிறையச் சாப்பிட்ட ஆள் மாதிரி சோம்பலாகச் சுற்றுகிறது. சத்தமே இல்லை.

25 ஜூன், ஞாயிறு
கம்ப்யூட்டர் நாற்பது நிமிடத்தில் நின்றுபோனது. தகட்டில் விரல் வைக்க முடியவில்லை.

26 ஜூன், திங்கள்
புத்தி இப்போதுதான் வந்தது. காற்று போதவில்லை என்பதில்லை, போகும் வழி தெரியாமல் பெட்டிக்குள்ளேயே சுற்றுகிறது. முன்பக்கம் கீழே ஓட்டை வெட்டினேன். மற்ற இடுக்குகளையெல்லாம் அடைத்தேன். அட்டையை மடித்து, தகட்டின் மேலாகப் பின்விசிறி வரை ஒரு குகை. காற்றுக்கு இனி ஒரே பாதைதான். மூன்று மணி நேரம் ஓடியது. தகடு இளஞ்சூடு, அவ்வளவே. விசிறியின் வேகத்தைக் கூட்டவே இல்லை! கையை அங்கேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

29 ஜூன், வியாழன்
ஹார்ட் டிஸ்க்கின் ரீங்காரம் மட்டும் பாக்கி இருந்தது. சைக்கிள் டியூப்பைக் கீற்றாக வெட்டி, தூளி கட்டித் தொங்கவிட்டேன். அடங்கிவிட்டது.

நாள் முழுக்க ஓடுகிறதா என்று பார்க்க வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வழக்கமாக நான் கம்ப்யூட்டர் கொண்டுவந்து போட்டால், லோகா அடுப்படி மூலைக்குப் போய்த் தலைமேல் தலையணையை வைத்துக்கொள்வாள். தரை அதிர்வது பிடிக்கவில்லை போல என்பாள் புஷ்பா. இன்று வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பெட்டியில் கன்னத்தை வைத்து ஒரு மணி நேரம் அசையவில்லை.

3 ஜூலை, திங்கள்
டாக்டர் கதவைச் சாத்தினார். நான் சுவிட்சைப் போட்டேன். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, "எப்ப ஓடும்?" என்றார். ஓடிக்கொண்டிருக்கிறது என்று பச்சை விளக்கைக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

முதல் சோதனை என் காதில். டிக் டிக் டிக். திரையில் கோடு ஒன்று நெளிந்தது. சின்ன அலை, பிறகு அதைவிடச் சின்ன அலை. இதுதான் உங்கள் காது பேசுவது என்றார். பிறந்த நாளிலிருந்து எனக்குத் தெரியாமல் எனக்குள் நடந்துகொண்டிருந்தது. திருநீறு பூசுகிற நெற்றிக்கும் இதற்கும் நாலு விரல் தூரம்கூட இல்லை. எழுந்திருக்க மனம் வரவில்லை.

அங்கேயே லோகாவைப் பற்றிச் சொன்னேன். "கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றார்.

6 ஜூலை, வியாழன்
புஷ்பாவின் மடியில் லோகா தூங்கிப்போனாள். வலது காது. டிக் டிக் டிக்.

அலை வந்தது.

டாக்டர் மறுபடி செய்தார். பிறகு இடது காது. அதிலும் வந்தது. என்னுடையதைவிடப் பெரிய அலை, அழகான அலை. அவள் எழுந்த பிறகு, முதுகுக்குப் பின்னால் மிட்டாய்த் தாளை மெல்லப் பிரித்தார். லோகா திரும்பினாள்.

"இந்தப் பிள்ளைக்கு நல்லாக் கேக்குது."

ஏன் பேசவில்லை, கூப்பிட்டால் ஏன் திரும்பவில்லை என்பது வேறு விஷயம், அதற்கு வேறு டாக்டரிடம் எழுதித் தருகிறேன் என்றார். காது மெஷினை இனி மாட்டவே கூடாது. நல்ல காதுக்குள் அது கத்திக்கொண்டிருந்திருக்கிறது.

புஷ்பா தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருடம் காலையில் அதை மாட்டிய கை.

நான்? நான் என்னென்ன சொன்னேன்... சாப்பாட்டு மேசையில், அவ முன்னாலயே... யாருக்குக் கேக்கப் போகுதுன்னு கேட்டேனே. அவளுக்குத்தான்டா. எல்லாமே கேட்டிருக்கு.

7 ஜூலை, வெள்ளி
கடை திறக்கவில்லை.

9 ஜூலை, ஞாயிறு
அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சொன்னேன்.

"லோகா, அப்பா அன்னிக்குச் சொன்னது தப்பு. உன்னை எங்கயும் விட மாட்டேன்."

நிமிரவில்லை. மூடிகளை அடுக்கினாள். புரிந்ததா, தெரியவில்லை. புஷ்பா இப்போது சமைக்கும்போது ஒவ்வொன்றாகப் பெயர் சொல்கிறாள். இது வெங்காயம், இது கத்திரிக்காய்.

17 ஆகஸ்ட், வியாழன்
டாக்டர் இரண்டாவது பெட்டி கேட்டிருந்தார். இன்று கொண்டுபோய் வைத்தேன். கிளம்பும்போது புஷ்பா பின்னால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். காலில் சப்பாத்து மாட்டிக்கொண்டே லோகாவிடம், "சாயங்காலம் லைட்டு போடுறதுக்குள்ள அப்பா வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனேன். இப்போதெல்லாம் எங்கே போனாலும் சொல்லிவிட்டுத்தான் போகிறேன். அவள் பார்க்கிறாளா என்று பார்ப்பதில்லை.

திரும்பும்போது பெரிய மழை, ஒரே ஜாம். பிரிக்பீல்ட்ஸ் வந்து சேர எட்டாகிவிட்டது. கீழிருந்து பார்த்தால் மாடியில் எல்லா வீட்டிலும் வெளிச்சம், எங்கள் வீடு மட்டும் இருட்டு. படிகளில் ஓடினேன்.

வராந்தா வெளிச்சத்தில் வாசலோரம் புஷ்பா உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஆறு தடவை லைட்டு போட்டேன். ஆறு தடவையும் நாற்காலி போட்டு ஏறி அணைச்சிட்டா. என்னான்னே தெரியல."

லோகா நாற்காலி மேல் நின்றிருந்தாள். ஒரு கை சுவிட்ச் மேல். நான் உள்ளே வந்து சப்பாத்தைக் கழற்றும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு லைட்டைப் போட்டாள்.