களிக்கு ஸ்பூன் இல்லை

அக்கா,

இன்று ஆவணி மாதத்து முதல் ஞாயிறு. மருமகள் கேழ்வரகுக் களி கிண்டினாள். என் கைக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று தட்டின் ஓரத்தில் ஒரு ஸ்பூனையும் வைத்தாள். களியின் ஆவி முகத்தில் பட்டதும் உன் நினைவு வந்தது.

எனக்குப் பக்கவாதம் வந்தது தை அமாவாசைக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை. நீ கடைசிவரை திங்கள் என்றே எல்லோரிடமும் சொல்லிவந்தாய். திருத்தினால், "எந்தக் கிழமைல இழுத்துக்கினா இன்னாடா, கை வருதா பாரு" என்பாய்.

வலக்கை தோளிலிருந்து விரல்வரை விழுந்துவிட்டது. நீ பிச்சாட்டூரிலிருந்து ஒரு துணிப்பையோடு சித்தூருக்கு வந்து தங்கினாய். வாரந்தோறும் என்னைத் திருப்பதி மருத்துவமனைக்குப் பேருந்தில் அழைத்துச் சென்றாய். அங்கே பயிற்சி கொடுத்த பெண் ஒரு ரப்பர் பந்தைத் தந்து, அழுத்திப் பழகச் சொன்னார். குழந்தை விளையாட்டென்று அதை அலமாரியில் போட்டுவிட்டேன். இடக்கையில் ஸ்பூன் பிடித்து உண்ணப் பழகியிருந்தேன். அதுவே போதும் என்றிருந்தேன். விருந்துகளுக்குப் போவதை மட்டும் நிறுத்திக்கொண்டேன். பந்தியில் இடக்கையால் உண்பவனாக உட்கார மனம் ஒப்பவில்லை.

பங்குனியில் ஒரு நண்பகல், களியும் புளிச்சகீரைக் கடையலும் வைத்தாய். ஸ்பூன் இல்லை. கேட்டேன்.

"களிக்கு எதுக்குடா ஸ்பூனு? கிள்ளு, உருட்டு, முழுங்கு. பந்தைத்தான் அமுக்க மாட்டே, இதையாவது அமுக்கு."

தட்டைத் தள்ளிவிட்டேன். நீ உன் பங்கை உண்டு முடித்து, எதிரிலேயே அமர்ந்திருந்தாய். பசி பொறுக்காமல், இடக்கையால் வலக்கையைத் தூக்கித் தட்டில் வைத்தேன். கட்டைவிரல் சற்றே மடங்கியது. கிள்ளிய களி சட்டையில் விழுந்தது. நீ சிரித்தாய், ஊட்டிவிடவில்லை. என் விரல்களுக்குச் சூடு தெரியாது என்பதால், உன் விரலை முதலில் களியில் வைத்துப் பார்த்த பிறகே தட்டை என் பக்கம் நகர்த்தியிருந்தாய். பிறகு வந்த நாள்களிலும் அப்படியே செய்தாய்.

ஆடி முடிவதற்குள் உருண்டை வாய்வரை வந்தது. ஐப்பசியில் குடிபாலாவில் ஒரு கல்யாணப் பந்தியில் உன் பக்கத்தில் அமர்ந்து வலக்கையால் உண்டேன். நீ என் இலையைத் திரும்பியும் பார்க்கவில்லை. பாயசத்தை மறுபடி கேட்டு வாங்கினாய்.

நீ போனது அதையடுத்த மார்கழியில், வெள்ளிக்கிழமை. வாய்க்கரிசி போட அழைத்தார்கள். உறவினர் ஒருவர் என் கையைத் தாங்க வந்தார், வேண்டாமென்றேன். அரிசியை நானே அள்ளி உன் வாயில் இட்டேன். உதடு குளிர்ந்திருந்தது. அதுவரை சூடும் குளிரும் அறியாதிருந்த விரல்களுக்கு அது தெரிந்தது.

இன்று ஸ்பூனை மருமகளிடம் திருப்பிக் கொடுத்தேன். விரலைத் தண்ணீரில் நனைத்துக் களியைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது. ஆறும்வரை காத்திருந்து உண்டேன்.